கொழுந்து வாடுற நாளா பார்த்து அடிங்க: பழைய பேஸ் கிட்டாருக்குப் புது கலர்

அக்டோபர் மாசம், மழை விட்ட ஒரு சாயங்காலம், இலங்கை மலைநாட்டு ஹட்டன்ல எங்க வீட்டு இஸ்தோப்புல (வெளித் திண்ணையில) பேஸ் கிட்டாரோட பாடியைக் கம்பியில தொங்க விட்டு கிளியர் லேக்கர், அதாவது கலருக்கு மேல போடுற நிறமில்லாத மினுமினுப்புப் பூச்சு, அடிச்சேன். அடிக்கும்போது கண்ணாடி மாதிரி மின்னுச்சு, சந்தோசமா உள்ள போய் பிளேன்டீ குடிச்சிட்டு வந்து பார்த்தா நீலக் கலர் முழுக்க பால் ஊத்தின மாதிரி வெள்ளையா பூத்துக் கிடக்கு. ரெண்டு மாசம் தேய்ச்ச வேலை. அப்பா டீ ஸ்டோர்ல, அதாவது தேயிலை பெக்டரியில, ரொம்ப வருசம் வேலை பார்த்தவரு, அவரு வந்து ஒரு தடவை பார்த்துட்டு கேட்டாரு, "இன்னைக்கு ஸ்டோர்ல கொழுந்தே வாடல, இது எப்படிடா காயும்?"

பறிச்ச கொழுந்தை ஸ்டோர்ல முதல்ல வாட விடுவாங்க, காத்துல ஈரம் நிறைஞ்சிருந்தா அது வாடாது. அந்தக் கேள்விதான் இந்த வேலையில எனக்குக் கிடைச்ச பெரிய பாடம். பெயின்ட் அடிக்கிறது எப்படின்னு வெளிநாட்டுக்காரங்க செய்ற வீடியோ எவ்வளவோ இருக்கு, ஆனா அவங்க அடிக்கிற காத்து வேற நம்ம காத்து வேற. அதனால முதல்ல இருந்து கடைசி வரைக்கும், நம்ம மலைநாட்டுல இருந்துக்கிட்டு இதை எப்படிப் பண்றதுன்னு எழுதுறேன், இதுக்கு முன்னாடி ஸ்ப்ரே கன்னையே தொடாத ஆளுக்கும் புரியிற மாதிரி.

அடிக்கலாமா வேணாமா

என்னோட பேஸ் 70கள்ல ஜப்பான்ல செஞ்சது, பெயர் எழுதின ஸ்டிக்கர் எல்லாம் எப்பவோ உரிஞ்சு போச்சு. கோயில் திருவிழாவுக்கு வாசிக்கிற இசைக்குழுவுல இருந்த பெரியப்பா ஒருத்தரு கை நடுக்கம் வந்தப்புறம் என்கிட்ட குடுத்தாரு. கறுப்புக் கலர், முழங்கை படுற இடத்துல மரம் தெரியுது, பின்பக்கம் பெல்ட் பக்கிள் உரசி குழி. இந்த மாதிரி பேஸுக்கு தாராளமா கலர் மாத்தலாம்.

ஆனா உங்க கையில இருக்கிறது நெசமாவே பழைய அமெரிக்கன் பென்டர்னா தயவு செஞ்சு சாண்ட் பேப்பரை எடுக்காதீங்க. பென்டர் கம்பனி பிரிசிஷன் பேஸை 1951லயும் ஜாஸ் பேஸை 1960லயும் கொண்டு வந்துச்சு, அந்தக் காலத்து பேஸுல பெக்டரி பெயின்ட் எவ்வளவு உரிஞ்சிருந்தாலும் அதுதான் பெறுமதி, மேல புதுசா அடிச்சா சேகரிக்கிறவங்க விலையை நல்லா குறைச்சிருவாங்க. கண்டுபிடிக்க ஒரு வழி, வால்யூம் டோன் பொத்தானுக்குக் கீழ இருக்கிற பொட்டோட (பொத்தானோட சேர்ந்து திரும்புற மின்சாரப் பாகம்) முதுகுல நம்பர் அடிச்சிருக்கும். 137ன்னு ஆரம்பிச்சு 1377412 மாதிரி இருந்தா, 137ங்கிறது சிடிஎஸ் கம்பனி, 74ங்கிறது வருசம், 12ங்கிறது அந்த வருசத்துல எத்தனையாவது வாரம்னு அர்த்தம். பொட்டை யாராவது பின்னாடி மாத்தியிருக்கவும் கூடும், அதனால நெக்கை (விரல் வச்சு வாசிக்கிற நீளக் கை) கழட்டி அதோட அடிப்பக்கத்துல தேதி ஏதும் இருக்கான்னும் பாருங்க. சந்தேகம்னா தெரிஞ்ச ஆள்கிட்ட காட்டுற வரைக்கும் அப்படியே வைங்க.

கழட்டுறது

கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல படம் எடுங்க, ஒண்ணு ரெண்டு இல்ல, இருபது முப்பது. எந்த வயர் எங்க ஈயம் வச்சிருக்குங்கிறது மூணு மாசம் கழிச்சு ஞாபகம் இருக்காது. முதல்ல கம்பி நாலையும் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி மாத்தி தளர்த்திக் கழட்டுங்க. அப்புறம் நெக், பின்பக்கம் பெரிய ஸ்குரூ நாலு இருக்கும். ஸ்குரூ டிரைவர் தலைக்குச் சரியா உக்காரணும், பழைய ஸ்குரூ துருப்பிடிச்சு இறுகியிருந்தா ஈயம் வைக்கிற அயனோட முனையைத் தலையில ஒரு நிமிசம் வச்சு சூடாக்கிட்டுத் திருப்புங்க, இறுக்கம் விட்டுரும். ஸ்குரூ எல்லாத்தையும் மாத்திரைக் கவர்ல தனித்தனியா போட்டு மேல எழுதி ஒரு பால்மா டின்ல போட்டு வைங்க, பிரிட்ஜ் (பாடியில கம்பி முடியிற உலோகத் தகடு) ஸ்குரூவும் பிக்கார்ட் (முன்பக்கம் மூடியிருக்கிற பிளாஸ்டிக் தகடு) ஸ்குரூவும் பார்க்க ஒண்ணு மாதிரி இருக்கும் நீளம் வேற.

பிரிட்ஜைத் தூக்கும்போது கவனமா பாருங்க, அதுக்கு அடியில ஒரு சின்ன ஓட்டையில இருந்து மொட்டை வயர் ஒண்ணு வரும். அதுதான் கிரவுண்ட் வயர். அதை உள்ள தள்ளி ஓட்டையை டேப்பால அடைச்சிருங்க, பெயின்ட்ல மூடிப்போனா கடைசியில ஆம்ப்ல போட்டதும் இரைச்சல் தாங்காது.

பழைய பெயின்ட் எந்த ஜாதி

நெக் உக்காருற குழியிலயோ பிக்கார்டுக்கு அடியிலயோ, வெளிய தெரியாத இடத்துல, பஞ்சு குச்சியில என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் ஒரு துளி தொட்டு அரை நிமிசம் வைங்க. பெயின்ட் பிசுபிசுன்னு இளகினா அது லேக்கர். ஒண்ணுமே ஆகாம கல்லு மாதிரி இருந்தா பொலியெஸ்டர் இல்லன்னா பொலியூரித்தேன். 70கள்ல வந்த ஜப்பான் பேஸுங்க நிறைய ரெண்டாவது ஜாதி, ஒரு மில்லிமீட்டர் தடிப்புல கூட பெயின்ட் ஏத்தி வச்சிருப்பாங்க.

இங்கதான் புதுசா வர்றவங்க எல்லாரும் பண்ற தப்பை நானும் பண்ணேன். மரம் தெரியிற வரைக்கும் உரிச்சே ஆகணும்னு நினைச்சு பதினஞ்சு நாள் பொலியெஸ்டரோட மல்லுக்கட்டி, ஒரு மூலையில ஆழமா தேய்ச்சு உள்ள இருந்த பிளைவுட் அடுக்கு வரைக்கும் போயிட்டேன், அப்புறம் அதை புட்டி வச்சு நிரப்பினேன். உரிக்கவே தேவையில்ல. பழைய பொலி வெடிக்காம, உப்பாம மரத்தோட ஒட்டி இருந்தா அதைவிட நல்ல அடித்தளம் கிடைக்காது, மினுமினுப்பு போற அளவுக்கு 320 பேப்பரால மங்கலாக்கி, குழி விழுந்த இடத்தை நிரப்பி, அதுக்கு மேலயே பிரைமர் அடிக்கலாம். மரத்தோட ரேகை தெரியிற மாதிரி பாலிஷ் பண்ணனும்னு ஆசைன்னா மட்டும் உரிங்க, அதுவும் உள்ள நல்ல மரமான்னு நெக் குழியில பார்த்துட்டு. பிளைவுட்டுன்னா அடுக்கு அடுக்கா கோடு தெரியும், அப்படின்னா முழுக்க மூடுற கலர்தான் அழகு.

உரிக்கிறதுன்னா பொலிக்கு ஹீட் கன் உதவும், சூடாக்கி மழுங்கல் தகட்டால மெதுவா நெம்பினா தகடு தகடா வரும், புகையை மூச்சுல வாங்காதீங்க. லேக்கருக்கு ஹீட் கன் கிட்டவே வேணாம், நைட்ரோசெல்லுலோஸ் சட்டுனு தீப்பிடிக்கிற சாமான். அதுக்குத் தின்னர்ல நனைச்ச துணியே போதும். எந்த வழியா இருந்தாலும் மாஸ்க் கட்டாயம், பொலி தூசி நெஞ்சுக்குக் கேடு, பழைய பெயின்ட்ல ஈயமும் இருக்கலாம், புள்ளைங்க விளையாடுற இடத்துல தேய்க்காதீங்க, தூசியை ஈரத்துணியால துடைச்சு எடுங்க.

நெக் குழிக்குள்ள மட்டும் சாண்ட் பேப்பர் போகவே கூடாது, பெயின்ட்டும் தடிப்பா போகக் கூடாது. அந்தக் குழியும் நெக்கும் இறுக்கமா பொருந்துறதுலதான் சத்தமே இருக்கு. மாஸ்கிங் டேப் ஒட்டிருங்க.

தேய்க்கிறது, அடைக்கிறது

மரம் வரைக்கும் போயிட்டீங்கன்னா 120, 180, 220ன்னு ரேகை போற திசையிலயே தேய்ச்சு வாங்க. தட்டையான இடத்துல விரலால தேய்க்காதீங்க, மரத்துண்டுல பேப்பரைச் சுத்தித் தேய்ங்க, இல்லன்னா பெயின்ட் அடிச்சப்புறம் வெளிச்சத்துல அலை அலையா தெரியும். சின்ன நசுங்கல் இருந்தா ஈரத்துணி வச்சு மேல அயன் பாக்ஸ் வைங்க, நீராவி ஏறி மரம் தானா உப்பி வரும், மறுநாள் வரைக்கும் காயவிட்டுத் தேய்ங்க. ஆஷ், மஹோகனி மாதிரி துவாரம் பெரிசா இருக்கிற மரத்துக்கு அந்தத் துவாரத்தை அடைக்கிற கிரெய்ன் பில்லர் பூசணும், ஆல்டருக்குத் தேவைப்படாது.

அப்புறம் சாண்டிங் சீலர், மரத்தை மூடி மட்டமாக்குற அடிப் பூச்சு. நம்ம ஊர் தளபாடக் கடைக்காரங்க அலமாரிக்கு அடிக்கிற அதே என்சி சாண்டிங் சீலர்தான், டவுன்ல பெரிய ஹார்ட்வெயார்ல கேட்டா குடுப்பாங்க. மூணு கோட் அடிச்சு காயவிட்டு 320ல மட்டமாக்குங்க. பழைய பொலி மேல அடிக்கிறவங்க சீலரை விட்டுட்டு நேரா பிரைமருக்குப் போகலாம், கலர் வெளிர் நிறம்னா வெள்ளை பிரைமர், கடும் நிறம்னா சாம்பல்.

எந்த நாள்ல அடிக்கிறது

இதை நிதானமா படிங்க, மத்தது எல்லாம் தப்பினாலும் சரி பண்ணிரலாம்.

லேக்கர்ல இருக்கிற தின்னர் வேகமா ஆவியாகும். ஸ்பிரிட் கையில பட்டா ஜில்லுன்னு இருக்கும்ல, அதே மாதிரி தின்னர் போகும்போது பாடியோட மேல்பக்கம் சுத்தியிருக்கிற காத்தை விட குளிர்ந்து போகும். காத்துல ஈரம் நிறைஞ்சிருந்தா அது அந்தக் குளிர்ந்த இடத்துல வேர்த்து, லேக்கருக்குள்ள மாட்டிக்கிட்டு வெள்ளையா பூக்கும். பெயின்டர்மார் இதை பிளஷிங்னு சொல்லுவாங்க. நுவரெலியா 1868 மீட்டர் உயரத்துல இருக்கு, அங்கேயும் நம்ம பக்கமும் சாயங்காலம் மூணு மணிக்கு மேல பனி இறங்குச்சுன்னா எவ்வளவு திறமையான கையா இருந்தாலும் லேக்கர் பூக்கத்தான் செய்யும்.

ஆனா நம்ம ஊர்ல இதுக்கு நல்ல கணக்கு ஒண்ணு ஏற்கனவே இருக்கு. டிம்புல பக்கத்து டீக்கு நல்ல வாசம் வர்றது ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும், ஊவா டீக்கு ஜூலைல இருந்து செப்டம்பர் வரைக்கும். ரெண்டுக்கும் காரணம் அந்தந்தப் பக்கம் அந்த மாசத்துல அடிக்கிற காஞ்ச காத்துதான். டீக்கு நல்ல சீசன் எதுவோ அதுதான் லேக்கருக்கும் நல்ல சீசன். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவ ஆளுங்க தை மாசி பங்குனியில அடிங்க. பண்டாரவளை, அப்புத்தளை, பதுளை ஆளுங்க ஜூலை ஆகஸ்ட்ல அடிங்க. ஸ்டோர்ல வேலை செய்றவங்க யாராவது தெரிஞ்சா கேட்டுப் பாருங்க, அங்க ஈர பல்ப், உலர் பல்ப்னு ரெண்டு தெர்மாமீட்டர் சேர்த்து மாட்டியிருப்பாங்க, ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் நல்லா இருந்தா காத்து காஞ்சிருக்கு, கொழுந்து வாடும், உங்க லேக்கரும் காயும். ரெண்டும் ஒரே அளவு காட்டுச்சுன்னா அன்னைக்கு கன்னைத் தொடாதீங்க.

நான் என்ன பண்ணேன்னா, பூத்துப் போன கிளியரைத் தேய்ச்சு எடுத்துட்டு அடுத்த ஜூலை வரைக்கும் காத்திருந்து, பாடியை மட்டும் துணியில சுத்தி ட்ரெயின்ல பண்டாரவளை மாமா வீட்டுக்குக் கொண்டு போனேன். ஹட்டன்ல ஏறும்போது தூறல், பட்டிப்பொல சுரங்கத்தைத் தாண்டினதும் வெயில், அந்த லைன்ல போன எல்லாருக்கும் இது தெரியும். அங்க அடிச்ச கிளியர்ல ஒரு புள்ளி கூட பூக்கல.

நேரம் காலையில ஒன்பதரைல இருந்து ஒரு மணிக்குள்ள. பாடியை முந்தின ராத்திரியே வீட்டுக்குள்ள வச்சிருங்க, வெளியில குளிர்ல கிடந்த மரத்தைக் கொண்டு வந்து உடனே அடிச்சா அதுவும் வேர்க்கும். மூணு மணிக்கு முன்னாடியே உள்ள எடுத்துருங்க. லேசா பூத்துட்டா பதறாதீங்க, காஞ்ச வெயில் நாள்ல ரிட்டாடர் (மெதுவா ஆவியாக வைக்கிற திரவம்) கலந்த தின்னரை மட்டும் மெல்லிசா ஒரு தடவை அடிச்சா லேக்கர் திரும்ப இளகி ஈரம் வெளிய போயிரும். எனக்குப் பூத்தது ரொம்ப ஆழம், அதான் தேய்க்க வேண்டி வந்துச்சு.

கலர் அடிக்கிறது

கார் பெயின்டை கிட்டாருக்கு அடிக்கலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. பென்டர்காரங்களே 60கள்ல ஸ்பெஷல் கலருக்கு கார் பெயின்ட்தான் அடிச்சாங்க, டியூபொன்ட் கம்பனியோட டூகோ, லூசைட் ரெண்டும். பியெஸ்டா ரெட்ங்கிறது போர்ட் தண்டர்பேர்ட் காரோட கலர், லேக் பிளாசிட் ப்ளூங்கிறது கெடிலாக் காரோட கலர். அதனால கார் பெயின்ட் கலக்கிக் குடுக்குற கடையில போய், பிடிச்ச கலரைக் காட்டி என்சி இல்லன்னா அக்ரிலிக் லேக்கர்ல கலக்கித் தாங்கன்னு கேளுங்க. பாடி ஒண்ணுக்கு அரை லிட்டர் கலர் தாராளம். முதல் தடவைன்னா மெட்டாலிக் வேணாம், கை கொஞ்சம் பிசகினாலும் திட்டுத் திட்டா தெரியும். சாதாரண சிவப்பு, கிரீம், வெளிர் நீலம் மாதிரி எடுங்க.

டூகே கிளியர்னு ஒண்ணு இருக்கு, ஹார்ட்னர் கலந்து அடிக்கிறது, சீக்கிரம் காயும் நல்லா மின்னும், ஈரத்துக்கும் அவ்வளவா பயப்படாது. ஆனா அதுல ஐசோசயனேட் இருக்கு, நுரையீரலை நிரந்தரமா கெடுத்துரும், சாதாரண மாஸ்க் பத்தாது. அது வேணும்னா கலர் வரைக்கும் நீங்க அடிச்சிட்டு, கிளியரை சரியான ஸ்ப்ரே அறையும் காத்துக் குழாய் வச்ச மாஸ்க்கும் இருக்கிற கராஜ்ல குடுத்து அடிச்சு வாங்குங்க. வீட்டுல வேணாம்.

இன்னொண்ணு, தின்னர் ஆவி ரொம்ப தூரம் போய் தீப்பிடிக்கும். தோட்டத்து லயத்துல (வரிசை வீட்டுல) இருக்கிறவங்க காம்பராக்குள்ள (அறைக்குள்ள) அடிக்கவே கூடாது, குசினியில விறகு அடுப்பு எரியும், சாமி படத்துக்கு விளக்கு எரியும். வெளியில, காத்து மெதுவா வர்ற இடத்துல, அடுப்புல இருந்து நல்லா தள்ளி. மாஸ்க் கரித்தூள் வடிகட்டி வச்சதா இருக்கணும், துணி மாஸ்க் தின்னரை நிறுத்தாது.

நெக் குழியில ஒரு மரக்கட்டையை ஸ்குரூ பண்ணி அதைக் கைப்பிடியா வச்சுக்கோங்க, அதுலயே ஓட்டை போட்டுத் தொங்க விடலாம். கம்ப்ரசர்ல அடிக்கிறவங்க ஒவ்வொரு நாளும் முதல்ல டேங்க் தண்ணியைத் திறந்து விடுங்க, நம்ம ஊர் காத்துக்கு எவ்வளவு தண்ணி வருதுன்னு பார்த்தா ஆச்சரியமா இருக்கும், காத்துல வர்ற தண்ணியைப் பிடிக்கிற வாட்டர் டிரெப் இல்லாம அடிக்காதீங்க. லேக்கரும் தின்னரும் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி, பிரசர் 30ல இருந்து 40 பிஎஸ்ஐ. ஸ்ப்ரே டின்ல அடிக்கிறவங்க டின்னை இளஞ்சூட்டுத் தண்ணியில பத்து நிமிசம் வச்சு எடுங்க, குளிர்ல டின்னுக்குள்ள பிரசர் குறைஞ்சு துப்புற மாதிரி விழும். கை பொறுக்குற சூடு மட்டும்தான், அடுப்புப் பக்கமே டின் போகக் கூடாது.

ஆறு எட்டு அங்குலம் தள்ளி நின்னு, பாடிக்கு வெளியிலயே அமத்தி, பாடியைத் தாண்டினப்புறம் விடுங்க. ஒவ்வொரு கோடும் முந்தின கோட்டுல பாதியை மூடணும். முதல்ல விளிம்பு, கொம்புக்குள்ள வளைவு, கடைசியா முன்பக்கம் பின்பக்கம். முதல் கோட் மூடாது, அடி தெரியும், பொறுமையா இருங்க, ஒரே தடவையில மூடணும்னு அடிச்சா ஒழுகிரும். அரை மணி ஒரு மணி இடைவெளி விட்டு மூணு நாலு கோட். ஒழுகினா ஈரத்துல தொடாதீங்க, ரெண்டு நாள் காயவிட்டு 600ல தேய்ச்சு மேல ஒரு கோட்.

மறுநாள் கிளியர். ஒரு நாளைக்கு மூணு கோட் வீதம் மூணு நாள், மொத்தம் எட்டு ஒன்பது கோட். மெருகு போடும்போது இதுல கொஞ்சம் தேய்ஞ்சு போகும், அதுக்குத்தான் இவ்வளவு. பாடியை லைட்டுக்குக் கீழ தொங்க விட்டுட்டு தூங்கப் போகாதீங்க, மழைக்கு அப்புறம் ஈசல் வந்துச்சுன்னா நேரா அதுலதான் உக்காரும்.

காத்திருக்கிறது, மெருகு

இனி மூணு நாலு வாரம். குளிர் பக்கம்னா ஆறு வாரம் கூட குடுங்க. கையில தொட்டா காஞ்ச மாதிரிதான் இருக்கும், ஆனா உள்ள தின்னர் போய்க்கிட்டே இருக்கும், லேக்கர் சுருங்கிக்கிட்டே இருக்கும். மூக்கை வச்சு மோந்து பாருங்க, தின்னர் வாசம் வந்தா இன்னும் காயல. விறகு அடுப்புக்கு மேல புகையில தொங்க விட்டா சீக்கிரம் காயும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, கரி படியும், தீயும் பிடிக்கும்.

வாசம் நின்னதும் 1000, 1500, 2000 தண்ணி பேப்பர், தண்ணியில ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பு. தண்ணி குறைவா, அடிக்கடி துடைச்சுக்கிட்டே, முக்கியமா ஸ்குரூ ஓட்டைக்குள்ள தண்ணி போக விடாதீங்க, மரம் ஊறி உப்பினா ஓட்டையைச் சுத்தி கிளியர் வெடிக்கும், நான் ஓட்டைகள்ல மெழுகுதிரி மெழுகை அடைச்சு வச்சேன். விளிம்புல ரொம்பத் தேய்க்காதீங்க, அங்கதான் பெயின்ட் மெல்லிசு. முழுக்க ஒரே மாதிரி மங்கலானதும் ரப்பிங் கொம்பவுண்ட், அப்புறம் பாலிஷ், பழைய பருத்தித் துணியில வட்டமா. கை வலிக்கும், ரெண்டு மூணு நாளா பிரிச்சுப் பண்ணுங்க.

திரும்பப் பூட்டுறது

ஸ்குரூவைப் போடுறதுக்கு முன்னாடி ஓட்டை வாயில படிஞ்ச பெயின்டை கத்தி முனையால லேசா சுரண்டிருங்க, இல்லன்னா ஸ்குரூ இறங்கும்போது கிளியரைக் கிளப்பிரும். ஸ்குரூ மரையில கொஞ்சம் மெழுகு தடவினா வழுக்கிப் போகும். கிரவுண்ட் வயரை வெளிய எடுத்து பிரிட்ஜோட அடித் தகடுல மொட்டையா படுற மாதிரி வைங்க, அந்த இடத்துல பெயின்ட் இருந்தா சுரண்டுங்க. நெக்கை உக்கார வச்சு நாலு ஸ்குரூவையும் குறுக்குக் குறுக்கா கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. புதுக் கம்பி போட்டு டியூன் பண்ணி ரெண்டு நாள் விட்டுட்டு, அப்புறம் நெக் வளைவைப் பாருங்க, இத்தனை மாசம் இழுவை இல்லாம கிடந்த நெக் கம்பி போட்ட உடனே பழைய நிலைக்கு வராது, முதல் நாளே டிரஸ் ராடை (நெக் வளைவைச் சரி பண்ற உள் கம்பி) திருப்பாதீங்க.

செவுத்துல மாட்டுற கொக்கியிலயும் ஸ்டாண்ட்லயும் ரப்பர் இருந்தா அதுல பருத்தித் துணி சுத்திருங்க, சில ரப்பர் லேக்கரோட ஒட்டி அந்த இடத்தை இளக வச்சிரும், கேஸுக்குள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு போட்டு வைங்க, முதல் மூணு மாசம் கேஸை மூடியே வைக்காம ராத்திரியில மட்டும் மூடுங்க.